ஒன்றும் நடக்காத பெட்டி

பெட்டியைக் குலுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுடைய சிக்கல்.

பெட்டியில் கோளாறு எதுவும் கிடையாது. அவள் நினைத்தபடியே அது சரியாக வேலை செய்தது. சரியாக வேலை செய்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

புரத ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஏசி இயந்திரங்கள் உறுமும் அறைக்குப் பக்கத்தில், அவளுடைய பட்டறை இருந்தது. மாடிகளில் மற்றவர்கள் புரதங்களை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியால் எந்த நோய்க்கு என்ன வழி பிறக்கிறது என்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைப்பது அவள் வேலை. பேச்சைவிடப் பொருளில் அவளுக்கு நம்பிக்கை அதிகம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி எதையாவது செய்து வைப்பாள். அதனால் மாடிக்காரர்கள் அவளைப் பொம்மைக்காரி என்றார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

இந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு குறிப்பிட்ட புரதம். ஈரல் அதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. ஒரு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் உடம்பெங்கும் சுமந்துபோகிற கூலிக்காரன் அது. நான்கு துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் முழு ஆள். சிலருக்குப் பிறவியிலேயே வந்த ஒரு சின்ன மாற்றத்தால் அந்த நான்கும் எளிதில் பிரிந்துவிடும். தனித்துப்போன துண்டு, தான் மடிந்திருந்த வடிவம் குலையும். குலைந்தது, தன்னைப் போலவே குலைந்த இன்னொன்றோடு ஒட்டும். அப்படி ஒட்டி ஒட்டி, நார் நாராகி, நரம்புகளிலும் இதயத்திலும் போய்ப் படியும். பெரும்பாலும் முதலில் பாதங்கள் மரத்துப்போகும்.

இதற்கு ஒரு மாத்திரை உண்டு. நான்கு துண்டுகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அவற்றைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். ஏற்கெனவே படிந்ததை அது தொடாது. இனிமேல் படிவதைத் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அவள் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் தட்டையாக ஒரு பெட்டி செய்து, அதற்குள் சுளை சுளையான பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு சுளையின் உள்பக்கத்திலும் பலமில்லாத ஒரு காந்தம். நான்கு சுளை சேர்ந்தால் ஓர் உருண்டை. சுளையின் முதுகில் சின்னதாக ஒரு மூடி. நான்கும் சேர்ந்திருக்கும்வரை மூடி சாத்தியிருக்கும். தனித்துப் போனால் திறந்துகொள்ளும். மூடிக்குள் செருப்பு வாரில் இருப்பதுபோன்ற ஒட்டுப்பட்டை. பெட்டியைக் குலுக்கினால் உருண்டைகள் உடையும், மூடிகள் திறக்கும், துண்டுகள் கசமுசாவென்று ஒட்டிச் சிக்காகும். இதுவரை பிரமாதம். மருந்துக்குப் பச்சை நிறத்தில் சிறு முளைகள். உருண்டையின் நடுத்துளையில் முளையைச் செருகிவிட்டுக் குலுக்கினால் உருண்டை உருண்டையாகவே இருக்கும். எவ்வளவு குலுக்கினாலும்.

நிலையத்தில் பார்வையாளர் நாள் நெருங்கியது. அவள் பெட்டியை நடைவழியில் வைத்து, போகிற வருகிறவர்களிடம் காட்டிப் பார்த்தாள். கணக்குப் பிரிவுக்காரி கொஞ்ச நேரம் நின்றாள்.

"மருந்து போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எப்ப வேலை செய்யும்?"

"செஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

"ஓ," என்றாள் கணக்குப் பிரிவுக்காரி, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, லிஃப்ட் வந்ததும் ஓடிவிட்டாள்.

ஒன்றும் நடக்காததை எப்படிக் காட்டுவது? அவள் விளக்குகளை மாற்றிப் பார்த்தாள். முளைகளுக்கு ஒளிரும் வண்ணம் அடித்தாள். பெட்டியைப் பெரிதாக்கினாள். பெரிய பெட்டியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி மிகச் சுலபமானது. அதே அளவில் இன்னொரு பெட்டி செய்து, அதன் சுளைகளில் ஒட்டுப்பட்டைக்குப் பதில் இரும்புத் துண்டு வைத்தாள். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, பின்சுவருக்குப் பின்னால் ஒரு மின்காந்தம் பொருத்தினாள். மேசைக்கு அடியில் ஒரு பெடல். காலால் மிதித்திருக்கும்வரை துண்டுகளெல்லாம் பெட்டியின் நடுவே ஒரு கட்டியாகத் தொங்கும். மேலிருந்து பச்சை முளைகளைக் கொட்டும்போது காலை எடுத்தால், கட்டி அவிழ்ந்து பொலபொலவென்று கொட்டும்.

மருந்து போட்டதும் நோய் உதிர்ந்து விழுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. அவளே ஒரு மதியம் முழுக்கத் தனியாக அதை மிதித்து மிதித்து ரசித்தாள்.

இது உண்மை இல்லையே என்று தோன்றாமல் இல்லை. ஜனங்கள் முதலில் வந்து நிற்கட்டும், நின்றவர்களுக்கு அப்புறம் சரியாக விளக்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பார்வையாளர் நாளில் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்காவும் அத்தானும். அத்தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிரேக்கில் கால் இருக்கிறதா, ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டி வந்த அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாவியை டெப்போவில் ஒப்படைத்தார். இப்போது அதே டெப்போவில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக்கொடுக்கும் வேலை. அவருக்கு அந்த நோய்தான். அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. அண்ணன் இறந்தபோது மாத்திரை வந்திருக்கவில்லை. அத்தான் அதைச் சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் முளைகளைக் கொட்டினாள். காலை எடுத்தாள். கட்டி உதிர்ந்தது. கூடமே "ஹா" என்றது. கைதட்டலில் முதல் ஆளாக எழுந்து நின்றவர் அத்தான்.

"டீச்சரம்மா, இன்னொரு தடவை!" என்றார். அவளை அவர் எப்போதும் அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார்.

இன்னொரு தடவை செய்தாள்.

"அப்ப, ஏற்கெனவே ஒட்டிக்கிட்டது கூட இப்படிப் போயிடுமா?" அவர் குரலில் கேலி இல்லை.

அந்த இடத்தில்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். கூடம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பல முகங்களில் அப்போதுதான் ஏறிய வெளிச்சம் அணையாமல் இருந்தது. அதை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்களே பாத்தீங்களே அத்தான்!" என்றாள்.

மறுபடியும் கைதட்டல். அதன்பிறகு விளக்கம் கேட்க யாரும் நிற்கவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்களே, விளக்க என்ன இருக்கிறது?

கூட்டம் கலைந்த பிறகு, இரண்டாம் மாடியில் புரதங்களைப் படிகமாக வளர்க்கிற படிகக்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து, மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்ங்க. அந்த மருந்து எங்க கிடைக்கும்?"

"எந்த மருந்து?"

"கட்டியைக் கரைக்கிற மருந்து. நாங்க மேல உக்காந்து தலைமுடி கொட்டக் கொட்டத் தேடிக்கிட்டிருக்கோம். நீங்க கீழ பெடல் போட்டு ஓட்டறீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

குளிர்காலம் வந்து போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஃபோன் பண்ணினாள்.

"உங்க அத்தான் மாத்திரையை நிறுத்திட்டாருடி. ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. டிராயரைத் திறந்தா பட்டை பட்டையா அப்படியே கிடக்கு. கேட்டா, 'சும்மா இரு'ங்கறார். ஏன்னும் சொல்ல மாட்டேங்கறார். நீ வந்து சொல்லு. நீ சொன்னா கேப்பார்."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஊருக்கெல்லாம் புரியவைக்கிறவள், அத்தானுக்குப் புரியவைக்க முடியாதா? வழி நெடுகப் பேருந்தில் உட்கார்ந்து என்னென்ன சொல்லவேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனாள்.

அத்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. அக்கா சம்மன் அனுப்பிட்டாளா?"

"ஏன் அத்தான் நிறுத்தினீங்க? வயித்தைப் புரட்டுதா? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்லை."

"பின்னே?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா புரிந்துகொண்டு, துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே போனாள். போனவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றது இருவருக்கும் தெரிந்தது.

"இங்க வா," என்று எழுந்து குளியலறை வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே தரையில் கால் துடைக்கிற மிதியடி ஒன்று கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றி, ஒரு காலை மிதியடி மேலும் மறுகாலை வெறும் தரையிலும் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். விழுந்துவிடாமலிருக்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தினம் காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி இப்படி நிப்பேன். ஒண்ணு சொரசொரன்னு இருக்கணும், ஒண்ணு ஜில்லுனு இருக்கணும். ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சரி, நாளைக்குத் தெரியும்னு போயிடுவேன்."

கண்ணைத் திறந்தார்.

"உன் பெட்டியில டக்குனு உதிர்ந்துச்சு. உடம்புன்னா லேட்டாகும், தெரியும். நான் என்ன, அவ்வளவு அவசரக்காரனா? காத்திருந்தேன். நரம்பு டாக்டர் போன தடவை ஊசியெல்லாம் குத்திப் பாத்துட்டு, 'அப்படியேதான் இருக்கு'ன்னார். அப்படியேதான் இருக்குன்னா என்ன அர்த்தம்? இந்த மருந்து எல்லாருக்கும் வேலை செய்யுது, என் உடம்புல மட்டும் ஏறலைன்னு அர்த்தம்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது?" அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டியதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார். "அத்தனை பேர் முன்னாடி நீ செஞ்சு காட்டின விஷயம். வீட்டு ஆளுக்கே வேலை செய்யலைன்னு வெளியே தெரிஞ்சா உன் பேர் என்ன ஆகும்? அதான் பேசாம நிறுத்திட்டேன்."

அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. பேருந்தில் வரிசைப்படுத்தி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இந்த வாசலில் நிற்கத் தகுதியானதாக இல்லை. அவளைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதர் தன் நரம்புகளை விட்டுக்கொடுத்திருந்தார்.

"அத்தான், அந்தப் பெட்டி சரியில்லை," என்றாள். "மருந்து ஒட்டினதைக் கரைக்காது. புதுசா ஒட்டாமப் பாத்துக்கும். 'அப்படியேதான் இருக்கு'ன்னு டாக்டர் சொன்னாரே, அது நல்ல செய்தி. மருந்து வேலை செஞ்சிருக்கு."

அவர் அவளைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவு இன்னும் மோசமாக இருந்தது.

"என்னை மாத்திரை சாப்பிட வைக்கணும்னு சொல்றே. புரியுது. ஆனா அன்னிக்கு நான் கண்ணால பாத்தேன்மா. ரெண்டு தடவை பாத்தேன். நானே கேட்டேன், நீயே சொன்னே."

நீங்களே பாத்தீங்களே அத்தான். அவள் சொன்ன சொல்தான். வாயால் சொல்லும் எதுவும், கண்ணால் பார்த்ததை வெல்லாது என்பது அவளுடைய தொழிலின் அடிப்படை. அது இப்போது அவளுக்கு எதிராகவே வேலை செய்தது.

மறுநாள் நிலைய இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மண்டபம் ஒன்றில் நோயாளிகளும் குடும்பங்களும் கூடுகிறார்கள், 'அந்த உதிர்கிற பெட்டி'யைக் கேட்கிறார்கள் என்றார். அவர் முகம் பூரித்திருந்தது. அவளுக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்தது. அங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மிதியடி மேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்களோ? அத்தானைப் பற்றியாவது அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்களைத் தேடிப்போக வழியே இல்லை.

"அது தப்பான பெட்டி சார். அதைக் கொண்டுபோக மாட்டேன். வேற செஞ்சு தரேன்," என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். பெடலைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் பூரிப்பு இல்லை. "எனக்கு அன்னிக்கே தெரியாமப் போச்சே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு பெரிய பையோடு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவையும் கூட உட்காரச் சொன்னாள். உதிர்கிற பெட்டியைச் சமையலறை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, மின்காந்தத்தின் ஒயரைச் சுவரில் செருகினாள். பெடலை எடுத்துத் தரையில் வைக்காமல், மேசைமேலேயே, அத்தானின் கைக்கருகில் வைத்தாள்.

"அழுத்துங்க அத்தான்."

அவர் உள்ளங்கையால் அழுத்தினார். துண்டுகள் பாய்ந்துவந்து கட்டியாகின.

"இப்ப எடுங்க."

எடுத்தார். கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் இன்னொரு முறை அழுத்தினார், எடுத்தார். பச்சை முளைகள் பைக்குள்ளேயே இருந்தன.

"மருந்தே போடலையே," என்றார்.

"போடலை. அன்னிக்கும் மருந்தால விழலை. நான் மேசைக்கு அடியில காலை வச்சிருந்தேன்."

ஏதோ ஒரு வீட்டில் குழாய் திறந்திருந்த சத்தம் கேட்டது.

"அடிப்பாவி," என்றாள் அக்கா. "உன்னை நம்பி இந்த மனுஷன் தினம் கக்கூஸ் வாசல்ல தவம் கிடந்தாரேடி."

"விடு," என்றார் அத்தான். அவர் அவளைப் பார்க்காமல் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதன் ரப்பர் விளிம்பைத் தடவினார். வாழ்நாளெல்லாம் பெடல் மிதித்தவர். "நல்ல பெடல். லேசா மிதிச்சாலே போதும்," என்றார். அவளுக்கு அந்த மேசைக்கு அடியிலேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப நிஜமாவே மாத்திரை என்னதான் செய்யுது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் பையில் முதல் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். ஒட்டுப்பட்டை வைத்த, உண்மையான பெட்டி. பச்சை முளைகளை உருண்டைகளில் செருகி, மூடி, நன்றாகக் குலுக்கினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் அத்தான்.

"ஒண்ணும் ஆகலை. அதான் அது செய்யற வேலை."

"ஒண்ணும் ஆகாததுக்கா தினம் ஒரு மாத்திரை?"

அவள் முளைகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி குலுக்கினாள். உருண்டைகள் உடைந்தன, மூடிகள் திறந்தன, எல்லாம் சிக்காகிப் போயின. "பாருங்க, மருந்து இல்லைன்னா இப்படி."

அத்தான் சிக்கைப் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதே. முதல்ல மெதுவா குலுக்கினியோ, இப்ப பலமா குலுக்கினியோ, எனக்கு எப்படித் தெரியும்? உன் கை என்ன செய்யுதுன்னு பாக்கறதா, பெட்டி என்ன செய்யுதுன்னு பாக்கறதா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவளிடம் இனி எப்படி நடந்துகொள்வது என்று தெரியாத ஒருவரின் தயக்கம் மட்டும் அதில் இருந்தது. பெட்டிகளைப் பையில் வைத்தாள். அக்கா தேநீர் தருகிறேன் என்று சொல்லாதது இதுவே முதல்முறை.

திங்கட்கிழமை பட்டறையில் இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிகக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பொம்மைங்களுக்குத் துக்கம் விசாரிக்கறீங்களா?"

நடந்ததைச் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அத்தான் கேட்டது நியாயம்தானே," என்றாள் அவள். "மருந்தோட ஒரு தடவை, மருந்து இல்லாம ஒரு தடவைன்னு குலுக்கினா, நடுவுல என் கை மாறிடுது. அவர் காலுக்கும் அதே கதைதான். நேத்து இருந்த காலோட இன்னிக்கு இருக்கற காலை ஒப்பிட்டுப் பாத்தார். ரெண்டுமே மருந்து சாப்பிட்ட கால். வித்தியாசம் எங்கேருந்து தெரியும்? மருந்து சாப்பிடாத அத்தான் ஒருத்தர் பக்கத்துலயே நின்னாத்தானே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். உதிர்கிற பெட்டியை இழுத்து, திருப்புளியால் அதன் பின்சுவரிலிருந்த மின்காந்தத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஒட்டுப்பட்டை மீதி இருக்கா?" என்றார் படிகக்காரர், சட்டைக்கையைச் சுருட்டியபடி.

"மேல் அலமாரியில."

சுளைகளிலிருந்து இரும்பை எடுப்பதும், பட்டையை வெட்டி ஒட்டுவதும், ஒவ்வொரு மூடியும் சமமாகத் திறக்கிறதா என்று பார்ப்பதுமாக அந்த வாரம் போயிற்று. படிகக்காரருக்கு விரலெல்லாம் பசை. "படிகம் வளக்கறதே தேவலை" என்று முனகிக்கொண்டே செய்தார்.

மூன்றாவது ஞாயிறு அத்தான்தான் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார், கையில் இருந்த, இரண்டு பெட்டிகள் இறுக்கிப் பொருத்திய நீளமான பலகையைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பெடல் எங்க இருக்கு?"

"இல்லை. தேடிப் பாருங்க."

அவர் உண்மையாகவே தேடினார். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தார். பெட்டிகளின் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். ஒயர் இருக்கிறதா என்று தட்டினார். இதற்கு முன் அவர் அவள் செய்து கொண்டுவந்த எதையும் சோதித்ததில்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் திருப்தியாகும்வரை நின்றாள்.

பிறகு அவரிடமே முளைகளைக் கொடுத்து, எந்தப் பெட்டியின் உருண்டைகளில் வேண்டுமானாலும் செருகச் சொன்னாள். அவர் யோசித்து வலப்பக்கப் பெட்டியில் செருகினார். அவள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"நீங்களே குலுக்குங்க. எவ்வளவு பலமா வேணும்னாலும். நான் கிட்டவே வரலை."

அத்தான் பலகையை இரண்டு கைகளாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோலப் பிடித்தார். மேடுபள்ளமான சாலையில் போவதுபோலக் குலுக்கினார். பெட்டிகள் கடகடத்தன. இடப்பக்கத்தில் ஓர் உருண்டை உடைந்தது. பிறகு இன்னொன்று. ஒரு மூடி திறந்து இன்னொரு மூடியைப் பிடித்தது. அவர் இன்னும் வேகமாகக் குலுக்கினார். இடப்பக்கம் நார் நாராக ஒரு சிக்கு வளர்ந்து மூலையில் போய் அடைந்தது. வலப்பக்கம் உருண்டைகள் உருண்டைகளாகவே துள்ளிக்கொண்டிருந்தன.

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. அக்கா அருகே வந்து நின்றாள்.

அத்தான் பலகையைச் சாய்த்து இடப்பக்கப் பெட்டியைப் பார்த்தார். சிக்கு அசையவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அண்ணன்," என்றார்.

பலகையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"என் வயசுல அண்ணனால மாடிப்படி ஏற முடியலை. தட்டுல இருந்து கை வாய்க்கு வராது. நான் வெங்காயம் உரிக்கறேன்." வலப்பக்கப் பெட்டியை விரல் நகத்தால் தட்டினார். "அப்ப 'அப்படியேதான் இருக்கு'ன்னா இதுதானா?"

"இதுதான் அத்தான். ஆனா கால் மரப்பு போயிடும்னு நான் சொல்லலை. அது போகாமலே இருக்கலாம்."

"சரி."

"நிறுத்தியிருந்த நாள்ல கொஞ்சம் கூடியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. டாக்டரைப் பாக்கணும். நானும் கூட வந்து என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்றேன்."

"நீ என்னத்தைச் சொல்லுவே?"

"பெடலைப் பத்தி."

அன்று முதல்முறையாக அவர் அவளை நேராகப் பார்த்தார். மன்னித்தாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கிற துணிவும் அவளுக்கு இல்லை.

"நாளைக்குக் காலையில கிளம்பு," என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "ஏய், அந்த டிராயர்ல இருக்கற பட்டையைப் பைல எடுத்து வை. டாக்டர் சரின்னதும் அங்கேயே ஒண்ணு போட்டுக்கறேன். அப்படியே இவளுக்கும் ஒரு டீ போடு. நின்னுக்கிட்டே இருக்கா," என்றார்.

அக்கா மாத்திரைப் பட்டைகளைப் பையில் வைத்தாள். தேநீரும் வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தாள், அல்லது மறக்கவில்லை. பொம்மைக்காரி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். திட்டில் பாதி அவளுக்கு.

பெரிய மண்டபத்துக்கு அந்தப் பலகையைத்தான் கொண்டுபோனாள். முன்பு காட்டியது தவறு, அது பெடலால் நடந்தது என்று முதலில் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. சிலர் எழுந்து போனார்கள். போகாதவர்கள் வரிசையில் வந்து குலுக்கினார்கள். அவள் பலகையைத் தொடவில்லை.

ஒன்றும் நடக்காததைக் காட்டும் வழி இதுதான்: ஒரே அளவில் இரண்டு பெட்டி, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் உருண்டைகள், ஒன்றில் மட்டும் மருந்து. இரண்டையும் ஒரே பலகையில் நான்கு மூலையிலும் திருகாணி போட்டு ஆடாமல் இறுக்கி, பலகையைப் பார்க்க வந்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.